ஆப்பிள் வாட்ச் ஈசிஜி மாரடைப்பைக் காட்டுமா?

வாட்சில் எடுத்த ஈசிஜி சரியாக இருந்தால் மாரடைப்பு இல்லை என்று ஒருவர் எழுதியிருப்பதைப் பலர் பகிர்ந்திருக்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியல்ல. ஆப்பிள் 2018-இல் கொண்டுவந்த அந்த வசதி துடிப்பின் தாளத்தைத்தான் பார்க்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற சீரற்ற துடிப்பைக் கண்டுபிடிக்க அது நிஜமாகவே உதவும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. மாரடைப்பு வேறு: இதயத் தசைக்குப் போகும் ரத்தம் தடைபடுவது. அதைப் பார்க்க மருத்துவமனையில் உடம்பில் 10 இடங்களில் மின்முனைகளைப் பொருத்தி, 12 கோணங்களில் பதிவு செய்கிறார்கள்; அப்புறம் ரத்தத்தில் ட்ரோபோனின் (இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் புரதம்) அளவையும் பார்ப்பார்கள். வாட்சில் கிடைப்பது ஒரே கோணம்.

சரிபார்ப்பது சுலபம். ஆப்பிளின் ஈசிஜி உதவிப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள்: வாட்சால் மாரடைப்பைக் கண்டறிய முடியாது என்று அவர்களே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். நெஞ்சு வலித்தால் தயவுசெய்து வாட்சைப் பார்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.