வழக்கு உடல் அடக்கத்தைப் பற்றியது, திருமணத்தைப் பற்றியதல்ல

"கிகூயூ பெண் லுவோ ஆணை மணந்தது செல்லாது என்று கென்ய நீதிமன்றமே சொல்லிவிட்டது" என்று வம்புய் ஒட்டியேனோ வழக்கைக் காட்டிச் சொல்வது தவறு. தீர்ப்பில் அப்படி எதுவும் இல்லை.

கிகூயூ இனத்தவரான வம்புயும் லுவோ இனத்தவரான வழக்கறிஞர் எஸ்.எம். ஒட்டியேனோவும் 1963-இல் மணந்தார்கள். 1986 டிசம்பரில் கணவர் இறக்கும்வரை சேர்ந்தே வாழ்ந்தார்கள். சண்டை அவர் உடலுக்காக. நைரோபியை அடுத்த தங்கள் நிலத்தில் புதைக்க வேண்டும் என்றார் மனைவி. அவரது சொந்த ஊரான நியால்குங்காவில்தான் என்றது அவரது உமிரா காகெர் குலம். மாதக்கணக்கில் உடல் பிணவறையில் கிடந்தது, கொடுமை! 1987 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம், அடக்கத்துக்கு லுவோ வழக்கமே பொருந்தும் என்று குலத்தின் பக்கம் நின்றது. வம்புய் அடக்கத்துக்குப் போகவில்லை.

மனைவியைவிடக் குலத்துக்கு உரிமை கொடுத்தது சரியா என்று தாராளமாகச் சண்டை போடலாம். 23 ஆண்டு இல்லறத்தை மட்டும் தோல்விக் கணக்கில் எழுதாதீர்கள்.