கடனை வங்கி விற்றால் கடன் தீர்ந்துவிடாது

"உங்கள் தனிநபர் கடனை வங்கி வேறு நிறுவனத்துக்கு விற்றுவிட்டதா? நீங்கள் கையெழுத்துப் போட்டது வங்கியிடம்தான், புதியவருக்கு ஒரு பைசாவும் கட்ட வேண்டாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது முற்றிலும் தவறு. இதை நம்பித் தவணையை நிறுத்துபவர் வட்டியையும் வழக்கையும்தான் சுமப்பார்.

அடமானம் இல்லாத கடனை வசூலிக்கும் உரிமையை, எழுதிக் கையெழுத்திட்டு இன்னொருவருக்கு மாற்றித்தர 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 130 இடமளிக்கிறது. கடனாளியின் சம்மதம் தேவையில்லை. வங்கிகள் தங்களுக்குள் கடன்களை மாற்றிக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றமும் 2010-இல் ஐசிஐசிஐ வங்கி வழக்கில் தீர்ப்பளித்தது.

அந்தச் செய்தி சொல்லாமல் விட்டதுதான் கடனாளிக்கு உண்மையில் உதவும். விற்பனை தெரியாமல் பழைய வங்கிக்கே கட்டிய பணம் செல்லுபடியாகும். புதியவர் அதை மறுபடி கேட்க முடியாது. பிரிவு 131-இன்படி கடன் கைமாறியதைக் கடனாளிக்குச் சொல்லும் அறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும். வாங்கியவரின் பெயர், முகவரி, விற்ற வங்கியின் கையெழுத்து மூன்றும் அதில் வேண்டும். வங்கி மறுத்தால் மட்டுமே வாங்கியவர் கையெழுத்திடலாம். தொலைபேசியில் மிரட்டுபவரிடம் முதலில் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். வங்கியிடம் உங்களுக்கிருந்த எதிர்வாதங்கள் பிரிவு 132-இன்படி புதியவரிடமும் செல்லுபடியாகும்.

சம்மதம் தேவைப்படுவது மறுபக்கத்தில். "என் கடனை மைத்துனர் கட்டுவார்" என்று நீங்களாக எழுதிக்கொடுத்து விலக முடியாது. ஒப்பந்தச் சுமையை மாற்ற எதிர்த்தரப்பு இசைய வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1962-லேயே கர்தா நிறுவன வழக்கில் சொல்லிவிட்டது.