'ரிவைவல்' 1904-இல் பிறந்த சொல் அல்ல

"ரிவைவல் என்ற ஆங்கிலச் சொல்லே 1904-இல் வேல்ஸ் நாட்டு எழுப்புதலில்தான் உருவானது, அதற்கு முன் அகராதியில் கிடையாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

வேல்ஸ் எழுப்புதல், அதாவது அங்கே கிறிஸ்தவர்களிடையே பரவிய பக்தி எழுச்சி, உண்மை. எவன் ராபர்ட்ஸ் என்ற இளைஞர் அதன் முகமாக இருந்ததும் உண்மை. சொல்தான் பழையது.

லத்தீனில் 'ரே' என்றால் மறுபடியும், 'விவெரே' என்றால் வாழ்வது. மயங்கி விழுந்தவர் கண் திறப்பதைச் சொல்லும் 'ரிவைவ்' அதிலிருந்து வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் 'ரிவைவல்' என்பது, நின்றுபோன பழைய நாடகத்தை மறுபடி மேடையேற்றுவதையும் குறித்தது. இன்றும் லண்டன் நாடக அரங்குகளில் அந்தப் பொருள் அப்படியே புழங்குகிறது! பக்திப் பொருள் 18-ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. 19-ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைக்கும் போனது: பழைய கூர்வளைவுப் பாணியில் மறுபடி கட்டியதை 'காத்திக் ரிவைவல்' என்றார்கள்.

சரி, எங்கே சரிபார்ப்பது? ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இந்தச் சொல்லின் பழைய பயன்பாடுகள் ஆண்டுவாரியாக உள்ளன. அமெரிக்கப் போதகர் சார்லஸ் ஃபின்னி 1835-இல் வெளியிட்ட சொற்பொழிவு நூலின் தலைப்பிலேயே 'ரிவைவல்ஸ்' இருக்கிறது. வேல்ஸ் எழுப்புதலுக்கு 69 ஆண்டுகள் முன்பு.

சபைக் குழுக்களில் இதை நல்லெண்ணத்தோடுதான் பகிர்கிறார்கள். ஆனாலும் இனி அனுப்ப வேண்டாம். அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்தத் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள்.