வாசலில் பதித்த கல்

கேட்டுக்கும் போர்டிகோவுக்கும் நடுவே, கார் ஏறி இறங்குவதற்கென்று பேவர் பிளாக் எனும் சிமெண்ட் கற்களைப் பதித்த நாளிலிருந்து அதைப் பராமரிப்பதே எங்கள் வீட்டில் தனி வேலையாகிவிட்டது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி பிறக்கும்போது, வேப்பமர நிழல் விழும் பகுதி முழுவதும் பச்சைப் பாசி படர்ந்து, கோலம் போடப் போகிறவர் மதில் சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிச் சற்று ஊறவிட்டுத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தால் பாசி போய்விடும். போன வேகத்திலேயே திரும்பியும் வரும். ஆசிட் ஊற்றச் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரரின் யோசனையை நான் ஏற்கவில்லை, ஏனெனில் அது பாசியோடு கல்லிலுள்ள சிமெண்டையும் சேர்த்து அரித்துவிடும்.

பாசியையாவது பொறுத்துக்கொள்ளலாம், சக்கரத் தடத்தில் விழுந்த பள்ளத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. கல் உடையவில்லை, மழைநீர் இறங்கி அடிமணல் கரைந்ததே காரணம். கற்களைப் பெயர்த்தெடுத்து, எம்-சாண்ட் எனும் கல்லுடைத்த மணலைப் பரப்பிச் சமன்செய்து இறுக்கி, மீண்டும் அடுக்கி, இடுக்குகளில் பொடிமணலைக் கூட்டித் தள்ளினால் முடிந்துவிடும் இவ்வேலைக்கு, வந்த மேஸ்திரியோ என் பேச்சைக் காதிலேயே வாங்காமல் மேலே சிமெண்ட் கலவையைப் பூசிவிட்டுப் போனார். இரண்டே மாதத்தில் பூச்சு வெடித்துப் பெயர்ந்தது. இப்போது, கல்லோடு ஒட்டிக்கொண்ட மிச்சச் சிமெண்டைக் கொத்தி எடுப்பதற்கு அவரே தனிக்கூலி கேட்கிறார்.