சைவ பர்கரும் மாட்டுக்கறி பர்கரும்: எல்லாம் கொழுப்பு படுத்தும் பாடு

சைவ பர்கர் என்றாலே "சோயாவில் கறி ருசி வராது" என்று ஒரே வரியில் பேச்சை முடித்துவிடுகிறார்கள். ருசியைக்கூட காளான், சோயா சாஸ், மிளகு என்று போட்டு ஓரளவு இழுத்துவிடலாம். சைவ பர்கர் அடி வாங்குவது கொழுப்பில்.

மாட்டுக் கொழுப்பு 40 டிகிரியைத் தாண்டித்தான் நன்றாக உருகும். தோசைக்கல்லில் மெதுவாகக் கசியும், கடிக்கும்போதும் உள்ளே மிச்சம் இருக்கும். சைவத்தில் அந்த இடத்துக்குப் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய்தான் வருகிறது. அது 24 டிகிரியிலேயே உருகிவிடும். மார்கழியில் ஏற்காட்டில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாது. சித்திரையில் சேலத்தில் பிசையும்போதே கைவழியே ஓடிவிடும். அப்புறம் கல்லில் வேவது வெறும் சக்கை.

வீட்டில் செய்வதானால், நாலு கட்லெட்டுக்கு 100 கிராம் மீல் மேக்கர் (சோயா உருண்டை). கொதிநீரில் 15 நிமிஷம் ஊறவைத்து, தண்ணீர் மாற்றி அலசி, இரண்டு தடவை ஒட்டப் பிழியுங்கள். ஈரம் நின்றால் பச்சை வாடையும் போகாது, திருப்பும்போது உடையும். மிக்ஸியை நிறுத்தி நிறுத்தி ஓட்டணும். ஒரே மூச்சில் அரைத்தால் வடை மாவுதான். தேங்காய் எண்ணெய் 40 கிராம், முதல் நாளே ஃப்ரீசரில் கட்டியாக்கித் துருவி, கடைசியில் சேர்த்துச் சட்டென்று தட்டுங்கள். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருந்துவிட்டு நேராகக் கல்லுக்கு. மிதமான தீயில் பக்கத்துக்கு நாலு நிமிஷம்.

கம்பெனிக்காரர்கள் பிடிமானத்துக்கு மெத்தில்செல்லுலோஸ் போடுகிறார்கள். சூட்டில் இறுகும், ஆறினால் இளகும் சரக்கு அது. சேலம் மாதிரி சேகோ (ஜவ்வரிசி) ஆலை சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு அதைத் தேடி அலைய வேண்டாம், குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவு இரண்டு ஸ்பூன் போதும். ஆனால் பாதி மாவைத் தண்ணீரில் கரைத்துக் கூழாகக் காய்ச்சி, முழுக்க ஆறவிட்டுச் சேருங்கள். எல்லாம் பச்சையாகப் போட்டால் நடுவில் வேகாமல் மாவு ருசி நிற்கும். நாலு ஸ்பூன் போட்டால் ரப்பர்.

மாட்டுக்கறியில் இந்தப் பாடு எதுவும் இல்லை. நாலு பங்கு கறிக்கு ஒரு பங்கு கொழுப்பு சேர்த்து, ஒரே தடவை பெரிதாகக் கொத்தச் சொல்லுங்கள். உப்பைக் கல்லில் போடுமுன் மேலாகத் தூவினால் போதும்; முன்பே போட்டுப் பிசைந்தால் கறி பிசின் விட்டு இறுகிவிடும். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: கொத்துக்கறி நடுவில் 71 டிகிரி வரை வேகணும். முழுத் துண்டில் கிருமி மேற்பரப்போடு நிற்கும்; கொத்தினால் உள்ளேயும் போய்விடும்.

சைவம் என்றாலே உடம்புக்கு நல்லது என்பதும் பாதிக் கதைதான். அமெரிக்கக் கம்பெனி விற்கும் சைவ பர்கரான இம்பாசிபிள் பர்கர் 113 கிராமில் புரதம் 19 கிராம், கறிக்குச் சமம். கொலஸ்ட்ரால் இல்லை, நார்ச்சத்து உண்டு. சோடியம் மட்டும் 370 மில்லிகிராம். உப்புப் போடாத கறியில் 75 போலத்தான். (கறியிலும் நாம் உப்புப் போடத்தான் போகிறோம், அதையும் கணக்கில் எடுங்கள்.)

கறி ருசிதான் வேண்டும் என்றால் கறியையே சாப்பிடலாம், நகல் எதற்கு? சோயா கட்லெட்டுக்கு மயோனைஸை விட, சேலத்துத் தெருக்கடைத் தட்டுவடை செட்டுக்கு வைக்கிற பச்சைச் சட்னியும் பீட்ரூட் துருவலும் நன்றாகச் சேரும். பேக்கரி பன் இனிப்பாக இருக்கும், உள்பக்கத்தைக் கல்லில் சிவக்க விட்டு வையுங்கள்.