ஸ்டாண்ட்-அப்னு பேரு, உட்கார்ந்து முக்கால் மணி நேரம்

சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் பத்துப் பேர் இருக்கிற சாஃப்ட்வேர் ஆபீஸ்லகூட இப்ப ஸ்க்ரம்தான், அதாவது வேலையைச் சின்னச் சின்னத் தவணையாப் பிரிச்சு டீமா செய்யற முறை. ஸ்டாண்ட்-அப்னு சொல்ற தினசரி மீட்டிங், அதான் டெய்லி ஸ்க்ரம், 15 நிமிஷம்னு ஸ்க்ரம் கையேட்டுலயே இருக்கு. நடக்கிறது 45. எட்டுப் பேரும் மேனேஜர் முகத்தைப் பார்த்து "நேத்து இது பண்ணேன், இன்னிக்கு அது பண்றேன்"னு ஒப்பிச்சா வேற என்ன ஆகும்? நேத்து என்ன பண்ணே, இன்னிக்கு என்ன பண்ணப்போறே, என்ன தடைங்கிற அந்த மூணு கேள்வியைக் கையேட்டோட 2020 பதிப்புலயே எடுத்தாச்சு. சேதி இன்னும் ஊர் வந்து சேரலை போல. வேலைகளை வரிசையா ஒட்டுற போர்டுல, முடியப்போற டிக்கெட்ல (ஒரு டிக்கெட்னா ஒரு வேலை) இருந்து ஆரம்பிச்சுப் பின்னாடி வந்தாலே சீக்கிரம் முடியும். நடுவுல ஒருத்தர் "ஏபிஐ டைம்-அவுட் ஆகுது"ம்பார், அதாவது வேற சிஸ்டம்கிட்ட கேட்ட பதில் நேரத்துக்கு வரலை. அதை ரெண்டு பேர் அப்புறம் தனியா பேசணும். எங்க? அங்கேயே ஸ்கிரீன் ஷேர், லாக் ஃபைல். மிச்ச ஆறு பேரும் சாயங்காலம் எந்தக் கடையில தட்டுவடை செட்னு வாட்ஸ்அப்ல முடிவு பண்ணிக்கிட்டிருப்பாங்க.

இதைவிடக் கொடுமை, பாதி ஸ்பிரின்ட்ல (ஒரு தவணைக்கு அதான் பேரு) "சின்ன சேஞ்ச்தான்"னு செருகுற வேலை. 5 பாயின்ட் (வேலையோட அளவுக்கு டீம் போடுற மதிப்பு) உள்ளே வந்தா 5 பாயின்ட் வெளியே போகணும்ல? போகாது. கடைசி நாள் எல்லா டிக்கெட்டும் டெஸ்டிங்ல வந்து குவியும். அப்புறம் ஸ்பிரின்ட் முடிஞ்சு எது சரி, எது தப்புன்னு பேசற ரெட்ரோவுல "கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் பண்ணணும்"னு ஒரு மஞ்சச் சீட்டு. போன ஸ்பிரின்ட்லயும் அதே சீட்டுதான் ஒட்டியிருந்தது.