மோரிஸ் மைனருக்கு சிலிக்கான் போதுமா? போதாது

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: "பழைய மோரிஸ் மைனர் காரில் மேனிஃபோல்ட் கேஸ்கட் போனால் புதுசு வேண்டாம். சிலிக்கான் பூசி நட்டை நல்லா முறுக்குங்க, போதும்." தவறு. மேனிஃபோல்ட் என்பது கலவையை இன்ஜினுக்குள் கொண்டுவரும், புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி; கேஸ்கட் அது இன்ஜினோடு சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் தகடு.

1952 முதல் மைனரில் வந்த ஏ-சீரிஸ் இன்ஜினில் இன்டேக்கும் (கலவை உள்ளே வரும் வழி) எக்ஸோஸ்டும் (புகை வெளியேறும் வழி) ஹெட்டின் (இன்ஜினின் மேல்பகுதி) ஒரே பக்கம். இரண்டுக்கும் ஒரே கேஸ்கட். பெட்ரோல் பட்டால் சாதாரண சிலிக்கான் ஊறிப் பிய்ந்து, துணுக்கு உள்ளே இழுபடும். எக்ஸோஸ்ட் பக்கம் சூட்டில் கருகிவிடும். அப்புறம் காற்றுக் கசிவு, பெட்ரோல் குறைந்த கலவை, ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது) ஏறி இறங்கும் ஓட்டம். பழி மட்டும் கார்பரேட்டர் மேல். அதைத் திருகித் திருகியே பலர் பாழாக்கிவிடுகிறார்கள்.

முறுக்குவதும் எல்லா நேரமும் உதவாது. எக்ஸோஸ்டை மாற்றி, தனித்தனி மேனிஃபோல்ட் மாட்டியவர்கள் பாருங்கள்: ஒரு பெரிய வாஷர்தான் இரண்டின் ஃபிளேஞ்சையும் (விளிம்புத் தகடு) சேர்த்துப் பிடிக்கிறது. ஒன்று தடிப்பு, மற்றது மெலிசு என்றால் தடித்தது மட்டும் அழுந்தும், மெலிந்தது ஊதும். மேலும் முறுக்கினால் நட்டு ஏறும் திருகுத்தண்டான ஸ்டட்தான் முறியும். பட்டறையில் தடிப்பைச் சமமாக்கி, முகப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதுக் கேஸ்கட் போடுங்கள். இன்ஜின் சூடேறி ஆறியதும் நட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள்.